மண்ணுக்குள் ஒரு கூட்டுறவுச் சங்கம்



கடலூர் மாவட்டத்தில் விதைப்புக் காலம் தொடங்கும்போது வேளாண்மை விரிவாக்க மையங்களில் ஒரு சிறிய பாக்கெட்டைப் பார்க்கலாம். எடை 200 கிராம். பிரித்தால் உள்ளே சற்றே ஈரமான கறுப்புப் பொடி இருக்கும். பாக்கெட்டின் மேல் 'அசோஸ்பைரில்லம்' என்றோ 'ரைசோபியம்' என்றோ அச்சிட்டிருக்கும். இதற்கு உயிர் உரம் என்று பெயர். பொடி வெறும் சுமைதாங்கிதான். அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களே உரம்.

நம் நாட்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, இத்தகைய பொடியின் ஒவ்வொரு கிராமிலும் குறைந்தது 5 கோடி பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. 200 கிராமுக்கு எத்தனை என்று பெருக்கிப் பாருங்கள். 1000 கோடி! இன்று உலகத்தின் மொத்த மக்கள் தொகையே 800 கோடியைச் சற்றுத்தான் தாண்டியிருக்கிறது. உங்கள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாக்கெட்டுக்குள் அதைவிடப் பெரிய மக்கள் கூட்டம் இருக்கிறது.

இவ்வளவு பெரிய படையை வயலில் இறக்கினால் பயிர் செழித்துத்தானே ஆக வேண்டும்? ஆனால் எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஒரு வயலில் வேர் நன்கு படர்ந்து, யூரியாவைக் குறைத்துப் போட்டும் பயிர் கரும்பச்சையாக நிற்கும். அடுத்த வயலில், அதே பாக்கெட்டைப் போட்டும் ஒரு வித்தியாசமும் தெரியாது. பணம் கொடுத்து வாங்கியவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. பாக்டீரியாவை நம்பி யூரியாவைக் குறைத்தவர், அது கைவிட்டால் அறுவடையில் அல்லவா நட்டப்படுவார்?

ஏன் இந்த வேறுபாடு? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டவர்கள், வயலிலிருந்து மனிதனுடைய குடல் வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வாருங்கள், நாமும் அவர்கள் பின்னே போவோம். நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். எனவே போகிற வழியில் சில கணக்குகளும் வரும். பயப்பட வேண்டாம், எல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

தலைக்கு மேல் 77,000 டன்

காற்று ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் ஏறத்தாழ 10 டன் எடையோடு அழுத்துகிறது என்று படித்திருப்பீர்கள். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆகவே ஒரு ஹெக்டேர் வயலுக்கு மேலே ஒரு லட்சம் டன்னுக்குச் சற்று அதிகமான காற்று நிற்கிறது. அதில் எடைக் கணக்குப்படி நான்கில் மூன்று பங்கு நைட்ரஜன். அதாவது சுமார் 77,000 டன். பயிருக்கு ஒரு போகத்தில் தேவைப்படுவது நூறு, நூற்றைம்பது கிலோகிராம்தான்.

தலைக்கு மேல் இவ்வளவு இருந்தும் நெற்பயிர் ஏன் தழைச்சத்துக்கு ஏங்குகிறது? நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்கச் செடிக்குத் தெரியாது. உரத் தொழிற்சாலையில் 400 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்திலும், காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 150, 200 மடங்கு அழுத்தத்திலும் வைத்துத்தான் அவிழ்க்கிறார்கள்.

ஆனால் சில பாக்டீரியாக்கள் இதே வேலையை, சாதாரண வெப்பத்தில், சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன. அவற்றிடம் நைட்ரோஜினேஸ் என்ற நொதி இருக்கிறது. அந்த நொதிக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஆக்சிஜன் பட்டால் அது கெட்டுவிடும். ஆகவே இந்தப் பாக்டீரியா ஒரு சங்கடத்தில் இருக்கிறது. மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். நொதி இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் கூடாது!

நிலக்கடலைச் செடி இதற்கு ஓர் அழகான ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது. விருத்தாசலம் பக்கம் போகிறவர்கள் ஒரு கடலைச் செடியை வேரோடு மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் கடுகளவில் சிறுசிறு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றைப் பிளேடால் நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளின் நிறம் அது. ரைசோபியம் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜனை அளந்து அளந்து கொடுப்பது அதன் வேலை. 1888-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் இருவரும் முடிச்சுகளின் பயனை விளக்கினார்கள். அதே ஆண்டில் ஹாலந்து நாட்டுப் பெயரிங்க் முடிச்சுக்குள்ளிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

நெல்லுக்கு முடிச்சு கிடையாது. அதன் வேரை ஒட்டி வாழும் அசோஸ்பைரில்லத்தைப் பிரேசில் நாட்டு விஞ்ஞானி யோகன்னா டோபரெய்னர் 1970-களில் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இது கொஞ்சம் நைட்ரஜனைச் சேர்த்துக் கொடுக்கிறது. அதைவிட முக்கியமாக, வேரைக் கிளைக்கச் செய்யும் ஹார்மோனைச் சுரக்கிறது. வேர் பெருத்தால் மண்ணிலுள்ள சத்தையும் நீரையும் பயிர் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும்.

மாவட்டத்துக்கு ஒன்றேகால் ஆள்

இனி பாக்கெட்டின் கதைக்கு வருவோம். நடவு வயலில் ஒரு ஹெக்டேருக்கு 10 பாக்கெட், அதாவது 2 கிலோ அசோஸ்பைரில்லம் தூவச் சொல்கிறார்கள். கிராமுக்கு 5 கோடி வீதம் மொத்தம் 10,000 கோடி பாக்டீரியாக்கள்.

எதிரே இருக்கும் கூட்டம் எவ்வளவு? மேல் மண்ணை 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக்கொண்டால், ஒரு ஹெக்டேரில் 1500 கன மீட்டர் மண் இருக்கும். எடை சுமார் 2000 டன். நல்ல வயல் மண்ணில் ஒரு கிராமுக்கு 10 கோடி பாக்டீரியாக்கள் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 2000 கோடி கோடி வருகிறது. அதை 10,000 கோடியால் வகுங்கள்.

விடை 20 லட்சம். வயலில் ஏற்கெனவே குடியிருக்கும் 20 லட்சம் பேருக்கு நடுவே, நாம் புதிதாக அனுப்பும் ஆள் ஒருவர்! கடலூர் மாவட்டத்தின் மக்கள் தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 26 லட்சம். அப்படியானால் மாவட்டம் முழுவதற்கும் ஒன்றேகால் ஆள் வந்து இறங்கியதைப் போலத்தான். அவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தால்தான் என்ன? உள்ளூரில் இடம், உணவு எல்லாவற்றையும் மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போதாததற்கு அவரைப் பிடித்துத் தின்ன ஒற்றைச் செல் பிராணிகள் காத்திருக்கின்றன.

பாக்டீரியாவை வயலில் தூவுவதைவிட விதையிலும் நாற்றின் வேரிலும் ஏற்றுவது ஏன் நல்லது என்பது இப்போது புரியும். சிதம்பரம் வட்டாரத்தில் சம்பா அறுவடையை ஒட்டி உளுந்து விதைப்பார்கள். ஒரு ஹெக்டேருக்கு 20 கிலோ விதை. அதில் சுமார் 5 லட்சம் உளுந்து மணிகள். ஆறிய அரிசிக் கஞ்சியில் 3 பாக்கெட் ரைசோபியத்தைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தினால், ஒவ்வொரு மணிக்கும் 60,000 பாக்டீரியாக்கள் பங்கு கிடைக்கும். வேர் முளைத்ததும் முதலில் போய் உட்கார்வது அவைதான். வெயிலில் உலர்த்தினாலோ, பூச்சி மருந்தோடு கலந்தாலோ அந்த 60,000-மும் வீண்.

பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?

இவ்வளவு செய்தும் தனியாகப் போகிற ஒரே இனம் தடுமாறுவது ஏன்? பாக்டீரியாக்களுக்குத் தனிக் குடித்தனம் ஒத்துவருவதில்லை. அவற்றில் பல கொடுத்து வாங்கிப் பிழைப்பவை.

யோகர்ட் என்ற கெட்டித் தயிரைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளில் இரண்டு இனங்களைச் சேர்த்தே பாலில் விடுகிறார்கள். ஒன்று லாக்டோபேசில்லஸ், மற்றது ஸ்ட்ரெப்டோகாக்கஸ். முதலாவது, பாலில் உள்ள புரதத்தை உடைத்துத் துண்டுகளாக்குகிறது. அந்தத் துண்டுகளைத் தின்று இரண்டாவது வளர்கிறது. பதிலுக்கு அது ஃபார்மிக் அமிலமும் கரியமில வாயுவும் கொடுக்க, முதலாவது செழிக்கிறது. தனித்தனியே விட்டால் பால் உறைய அதிக நேரம் பிடிக்கும்.

இந்தப் பண்டமாற்று நடக்க இருவரும் பக்கத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு பக்கத்தில்? இங்கேதான் இயற்பியல் வருகிறது. அசையாத நீரில் ஒரு பொருள் தானாகப் பரவுவதற்கு விரவல் என்று பெயர். அதற்கு ஒரு வேடிக்கையான விதி உண்டு. தூரம் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு ஆகும்.

ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். ஒரு பாக்டீரியாவின் அகலமான மைக்ரான் தூரத்தை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, அது ஒரு நொடியில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க நாலு நிமிடம் ஆகும். ஒரு சென்டிமீட்டரைக் கடக்க? சுமார் 7 மணி நேரம்! நமக்குச் சுண்டு விரல் அகலம். பாக்டீரியாவுக்கு அது வெளியூர். ஆகவே ஒன்றுக்கொன்று உதவ வேண்டிய இனங்களை ஒரே வயலில் விட்டால் மட்டும் போதாது. உடலோடு உடல் ஒட்டும்படி விட வேண்டும்.

அண்ணாமலை நகரில் ஒரு திரள்

1985-இல் சதாசிவன், நெய்ரா என்ற இரு ஆய்வாளர்கள் அசோஸ்பைரில்லத்தைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டார்கள். சில வகை உணவைக் கொடுத்து வளர்த்தால் இந்தப் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருளைச் சுரந்து, ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணுக்கே தெரியும் திரள்களாகிவிடுகின்றன. தனி பாக்டீரியாவைவிடத் திரளிலுள்ள பாக்டீரியா வறட்சியை நன்றாகத் தாங்குகிறது.

ஒரே இனம் திரளும் என்றால், பல இனங்களைச் சேர்த்துத் திரட்ட முடியாதா? சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். அசோஸ்பைரில்லத்தை, பயிருக்கு உதவும் வேறு பாக்டீரியாக்களோடு கலந்து திரளச் செய்தார்கள். வெப்பம், அமிலத்தன்மை, கரைந்திருக்கும் உப்புகள் ஆகியவை மாறும்போது திரள்வது கூடுகிறதா குறைகிறதா என்று அளந்தார்கள். பிறகு அந்தக் கலப்புத் திரள்களைக் கடினமான சூழ்நிலைகளில் வைத்துச் சோதித்தார்கள். 2009-இல் வெளியான அவர்கள் கட்டுரையின் பொருள் இதுதான்: கூட்டாகத் திரண்டவற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி அதிகம்.

ஏன் அப்படி? இப்போது நீங்களே ஊகிக்கலாம். திரளின் வெளிப்புறத்தில் இருப்பவை ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்த்துவிடும். விரவல் மெதுவானது என்பதால் உள்ளே ஆக்சிஜன் குறைந்துவிடும். நைட்ரோஜினேஸ் நொதிக்கு வேண்டிய இடம் அதுதான். பிசுபிசுப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஓர் இனம் மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்க, அடுத்த இனம் அதை உபயோகித்து நைட்ரஜனைச் சேர்க்கிறது. பண்டமாற்றுக்கு ஒரு மைக்ரான் தூரம் போதும்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பாக்கெட்டில் உள்ள கறுப்புப் பொடி பெரும்பாலும் பழுப்பு நிலக்கரி. பழுப்பு நிலக்கரி என்றால் நமக்கு நெய்வேலிதானே நினைவுக்கு வரும்? இயல்பில் அமிலத்தன்மை கொண்ட அந்தப் பொடியைச் சுண்ணாம்புப் பொருள் சேர்த்துச் சமன் செய்து, சூடாக்கி மற்ற கிருமிகளைக் கொன்று, பிறகுதான் பாக்டீரியாவைக் குடியேற்றுகிறார்கள். கொதிகலனில் எரிந்து மின்சாரம் கொடுக்கும் அதே நிலக்கரிதான் இங்கே எரியாமல் வீடு கொடுக்கிறது.

பிச்சாவரத்துக் காட்டு நெல்

கூட்டத்துக்கு நல்ல ஆட்களை எங்கே தேடுவது? எப்படிப்பட்ட வயலுக்கு அனுப்பப் போகிறோமோ, அப்படிப்பட்ட இடத்தில் தேட வேண்டும்.

கடலூர்க் கடற்கரையோர வயல்களுக்கு நிரந்தரப் பகை உப்பு. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது கடல் நீரே வயல்களில் ஏறியது. உப்பு மண்ணில் சாதாரணப் பாக்டீரியாவின் உடலிலிருந்து நீர் வெளியேறி அது வதங்கிவிடும். உப்பிலே பிறந்து உப்பிலே வாழ்பவைதான் அங்கே தாக்குப்பிடிக்கும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் கொள்ளிடக் கழிமுகத்துக்கும் நடுவில் பிச்சாவரம் சதுப்புக்காடு இருக்கிறது. சுற்றுலாப் படகில் போய்ச் சுரபுன்னை மரங்களைப் பார்த்திருப்பீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இப்படிப்பட்ட சதுப்பு நிலத்து மரம்தான். அங்கே சேற்றில், கடல் ஏறி இறங்கும் இடத்தில் ஒரு புல் வளர்கிறது. அது வெறும் புல் அல்ல, நெல்லுக்கு ஒன்றுவிட்ட உறவான காட்டு நெல். தாவரவியலார் அதைப் போர்ட்டரேசியா என்பார்கள். உப்பு நீரை உறிஞ்சி, வேண்டாத உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு.

சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த லோகநாதன், சுதா நாயர் இருவரும் இந்தக் காட்டு நெல்லின் வேரையும் தண்டையும் ஆராய்ந்தார்கள். அங்கே அதுவரை யாரும் அறியாத ஒரு பாக்டீரியா கிடைத்தது. 3 சதவீத உப்பிலும் அது வளர்ந்தது. கடல் நீரின் உப்பு சுமார் மூன்றரை சதவீதம் என்பதை நினைவில் வையுங்கள். அது காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்க்கிறது; உப்பு இருக்கும்போதே மணிச்சத்தைக் கரைத்தும் கொடுக்கிறது. புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினம். எனவே 2004-இல் அதற்குச் சுவாமிநாதானியா சாலிடாலரன்ஸ் என்று பெயரிட்டார்கள். இரண்டாவது சொல்லுக்கு 'உப்பைத் தாங்குவது' என்று பொருள். அதே காட்டு நெல்லிலிருந்து 2010-இல் மாங்க்ரோவிபாக்டர் என்ற இன்னொரு புதிய பேரினமும் அறிவிக்கப்பட்டது.

ஒரு செடியின் உப்புத் தாங்கும் திறனில் அதன் கூட்டாளிகளுக்கும் பங்கு இருக்கிறது என்று இது நமக்கு உணர்த்துகிறது. காட்டு நெல்லை அழித்தால், நாம் பெயர்கூட வைக்காத கூட்டாளிகளும் சேர்ந்தே அழிவார்கள்.

சங்கத்தில் சோம்பேறிகள்

கூட்டுறவுச் சங்கம் என்றதும் எல்லா உறுப்பினர்களும் நல்லவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வேர் முடிச்சில் இடம் பிடித்து, செடி கொடுக்கும் சர்க்கரையைத் தின்றுவிட்டு, நைட்ரஜன் கொடுக்காமல் ஏய்க்கும் ரைசோபியங்களும் உண்டு.

செடி இதைச் சும்மா விடுகிறதா? 2003-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். சோயா வேரின் சில முடிச்சுகளைச் சுற்றிக் காற்றுக்குப் பதிலாக ஆர்கானும் ஆக்சிஜனும் கலந்த வாயுவை நிரப்பினார்கள். நைட்ரஜன் அறவே குறைந்ததால் அங்கிருந்த பாக்டீரியாக்கள் விரும்பினாலும் வேலை செய்ய முடியாது. செடிக்கு அவை சோம்பேறிகளாகவே தெரிந்தன. விளைவு? அந்த முடிச்சுகளில் பாக்டீரியாக்களின் பெருக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வேலை செய்யாத முடிச்சுக்குச் செடி ஆக்சிஜன் வரத்தைக் குறைத்துவிடுகிறது என்று தெரிய வந்தது. கூட்டத்தைக் கட்டமைக்க விரும்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆட்களைச் சேர்த்தால் போதாது. உழைப்பவனுக்கு உணவும் ஏய்ப்பவனுக்குப் பட்டினியும் கிடைக்கும்படி ஏற்பாடும் இருக்க வேண்டும்.

நம் குடலும் ஒரு வயல்

வயலில் கற்ற இந்தப் பாடம் நம் வயிற்றுக்கும் பொருந்துகிறது. நம் பெருங்குடலிலும் லட்சம் கோடிக் கணக்கில் பாக்டீரியாக்கள் கூட்டமாக வாழ்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நாரை அவை செரிக்கின்றன, சில வைட்டமின்களைத் தயாரிக்கின்றன, நோய்க் கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் காவல் நிற்கின்றன.

நோய்க்கு ஆண்டிபயாடிக் மருந்தைப் பலமுறை சாப்பிடும்போது இந்தக் காவல் படையும் அழிந்துவிடுவது உண்டு. காலியான இடத்தில் கிளாஸ்டிரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமி குடியேறினால் கடும் வயிற்றுப்போக்கு உண்டாகும். மருந்தில் அடங்கினாலும் திரும்பத் திரும்ப வரும். நெதர்லாந்து மருத்துவர்கள் 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நல்ல உடல் நலம் உள்ளவரின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைக் குழாய் வழியே நோயாளிகளின் குடலில் செலுத்தினார்கள். முகம் சுளிக்காதீர்கள்! 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமடைந்தார்கள். மருந்து மட்டும் கொடுத்த 13 பேரில் குணமடைந்தவர்கள் 4 பேர்தான். தனி பாக்டீரியாவை அனுப்பாமல் முழு ஊரையே பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியேற்றியதால் கிடைத்த வெற்றி இது. ஆனால் கொடுப்பவரைப் பலவகைச் சோதனை செய்து, மருத்துவமனையில் மட்டுமே செய்ய வேண்டிய சிகிச்சை.

இன்னொரு வழி, இருக்கும் ஊர்க்காரர்களுக்கே நல்ல சாப்பாடு போடுவது. வங்காள தேசத்தின் டாக்கா நகரில் சத்துக் குறைந்த குழந்தைகளின் குடலில், வயதுக்கேற்ப வளராத பாக்டீரியாக் கூட்டம் இருப்பதைக் கண்டார்கள். எந்த உணவு கொடுத்தால் நல்ல இனங்கள் பெருகும் என்று தேடி, ஒரு கலவையைத் தயாரித்தார்கள். அதில் இருந்தவை என்ன தெரியுமா? கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை மாவு, வாழைக்காய்! 2021-இல் வெளியான ஆய்வில், 118 குழந்தைகளுக்கு மூன்று மாதம் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சத்துணவுப் பசையைவிடக் குறைந்த கலோரி கொண்டதாக இருந்தும், இந்தக் கலவையை உண்ட குழந்தைகளின் எடை வேகமாக ஏறியது. நிலக்கடலையும் வாழையும் நம் மாவட்டத்துக்கு அன்னியப் பொருள்களா என்ன? குழந்தைக்குப் போடும் சாப்பாட்டில் பாக்டீரியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை எண்ணிச் சமைப்பது ஒரு புதிய பார்வை.

ஆக, நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சீரமைக்க மூன்று வழிகளைப் பார்த்தோம். ஆட்களைத் தேர்ந்தெடுத்து அணி சேர்ப்பது, அண்ணாமலை நகரில் செய்தது. முழு ஊரையும் பெயர்த்து வைப்பது, நெதர்லாந்தில் செய்தது. இருப்பவர்களுக்கு ஏற்ற சூழலையும் உணவையும் தருவது, டாக்காவில் செய்தது. வயலில் மட்கிய எருவும் பசுந்தாளும் இடுவது இந்த மூன்றாவது வகைதான். உயிர் உரத்தைத் தொழு உரத்தோடு கலந்து இடச் சொல்வதன் பொருளும் இதுவே.

எந்த வழியும் எல்லா வயலுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஒரு மண்ணில் நன்றாக உழைத்த கூட்டணி வேறு மண்ணில் கலைந்துபோகலாம். எனவே பாக்கெட்டின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குவதும், நம் மண்ணிலேயே ஒரு துண்டில் போட்டும் இன்னொரு துண்டில் போடாமலும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் விவசாயிக்கு நட்டத்தைக் குறைக்கும்.

செய்து பாருங்கள்

பெயர்த்து வைக்கும் முறையை நீங்களே சோதிக்கலாம். பயறு விளைந்த வயலிலிருந்து மண் கொண்டு வந்து சலித்துக்கொள்ளுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கை, வீட்டுப் பெரியவர்களின் துணையோடு, ஒரு பழைய பாத்திரத்தில் மூடி ஒரு மணி நேரம் நீராவியில் வேகவையுங்கள். மறுநாளும் அப்படியே செய்யுங்கள். முதல் நாள் தப்பித்த விதை நுண்ணுயிர்கள் முளைத்திருந்தால் இரண்டாம் நாள் அவையும் சாகும்.

15 பால் கவர்களைக் கழுவி, அடியில் துளையிடுங்கள். முதல் ஐந்தில் வேகாத மண். அடுத்த ஐந்தில் வெந்த மண். கடைசி ஐந்தில் வெந்த மண்ணோடு ஒரு தேக்கரண்டி வேகாத மண். எல்லாவற்றிலும் இரண்டிரண்டு தட்டைப்பயறு விதைத்து, கொதித்து ஆறிய தண்ணீரை ஒரே அளவாக ஊற்றி, ஒரே வெயிலில் வையுங்கள். ஒன்றின் தண்ணீர் மற்றொன்றில் வழியக் கூடாது.

35 நாள் கழித்து வேரைத் தண்ணீரில் கழுவி முடிச்சுகளை எண்ணுங்கள். சிலவற்றை நறுக்கி, சிவப்பாக இருப்பவை எத்தனை, வெளிறியவை எத்தனை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கவர்களின் சராசரியை ஒப்பிடுங்கள். ஒரே கவரில் மட்டும் ஏன் சோதிக்கக் கூடாது என்பதற்கும் விடை எழுதுங்கள்.

ஒரு தேக்கரண்டி மண், ஐந்து கவர்களின் தலைவிதியை மாற்றியதா? அந்த எண்ணிக்கைகளை உங்கள் ஊர் விவசாயி ஒருவரிடம் காட்டுங்கள். 200 கிராம் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து நிற்பவருக்கு, வெளியூர்ப் புள்ளிவிவரத்தைவிட அவர் மண்ணிலேயே நீங்கள் எண்ணிய முடிச்சுகள் அதிகம் பயன்படும்.